பழைய கோர் 2 டுவோவில் லினக்ஸ் மின்ட் இன்ஸ்டால் பாதியில் விழுகிறது: டிஸ்க்கா, ரேமா, பென்டிரைவா?

பழைய_பெட்டி

வணக்கம் நண்பர்களே. அசெம்பிள் செய்த பழைய டெஸ்க்டாப். இன்டெல் கோர் 2 டுவோ இ7500, ஜி41 சிப்செட் போர்டு, டிடிஆர்3 ரேம் 2 ஜிபி + 2 ஜிபி (இரண்டாவது ஸ்டிக் போன மாதம் செகண்ட்ஹேண்டில் வாங்கிச் சேர்த்தது), 500 ஜிபி சாட்டா ஹார்ட் டிஸ்க். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதன் ஆதரவு முடிந்துவிட்டதால் லினக்ஸ் மின்ட் 21.3 எக்ஸ்எஃப்சிஇ (அதன் இலகுவான வகை) போடலாம் என்று இறங்கினேன்.

பென்டிரைவிலிருந்து லைவ் டெஸ்க்டாப் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடுவது) நன்றாக வருகிறது. பத்து நிமிடம் பிரவுசர் எல்லாம் திறந்து பார்த்தேன், ஒரு சிக்கலும் இல்லை. இன்ஸ்டால் கொடுத்தால்தான் வம்பு. மூன்று முறை, மூன்று விதமாக:

முதல் முறை ஃபைல் காப்பி பாதி ஓடும்போது ‘எர்ரர் 5, இன்புட்/அவுட்புட் எர்ரர்’ என்று ஒரு பெட்டி. சிடி டிரைவ் அல்லது ஹார்ட் டிஸ்க் பழுதாக இருக்கலாம் என்கிறது. இரண்டாம் முறை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இன்ஸ்டாலர் விண்டோ காணாமல் போனது. மூன்றாம் முறை மவுஸ் உறைந்து நின்றது, கேப்ஸ் லாக் விளக்குகூட மாறவில்லை.

ரூஃபஸ் மென்பொருளில் பென்டிரைவை மறுபடி எழுதிப் பார்த்தேன், அதே கதை. விண்டோஸில் எப்போதாவது நீலத்திரை வரும், மற்றபடி ஓடியது. புது ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாமா?

வட்டு_வைத்தியர்

டிஸ்க் வாங்க வேண்டாம், பொறுங்கள். அந்தப் பெட்டி சொல்வதை அப்படியே நம்பி நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம்.

இன்ஸ்டாலர் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் யார் குற்றவாளி என்று பிடித்துவிடலாம். பென்டிரைவில் கேஸ்பர் என்ற ஃபோல்டருக்குள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்று முடியும் ஒரே பெரிய ஃபைல் இருக்கும், 2 ஜிபிக்கு மேல். மொத்த சிஸ்டமும் அதற்குள் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. அதைப் பென்டிரைவிலிருந்து துண்டு துண்டாகப் படித்து, ரேமில் விரித்து, டிஸ்க்கில் எழுதுவதுதான் காப்பி. சுருக்கிய தரவில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் அந்தத் துண்டு விரியாது. விரியாத துண்டைக் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) ‘படிக்க முடியவில்லை’ என்று மேலே அனுப்பும், இன்ஸ்டாலர் அதை எர்ரர் 5 என்று காட்டிவிட்டு டிஸ்க்கின் தலையில் பழியைப் போடும். பிட் புரண்டது பென்டிரைவிலா, ரேமிலா, சாட்டா கேபிளிலா என்று அதற்குத் தெரியாது.

உங்கள் பதிவில் எனக்குக் கண்ணில் பட்டது மூன்று விதமான சாவு. டிஸ்க் மட்டும் பழுதென்றால் பெரும்பாலும் ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். ஒரு தடவை எர்ரர், ஒரு தடவை விண்டோ மறைவு, ஒரு தடவை முழு உறைவு என்று மாறி மாறி வந்தால் முதல் சந்தேகம் ரேம். அதுவும் போன மாதம் சேர்த்த ஸ்டிக். நீலத்திரை எப்போதிலிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

லைவ் டெஸ்க்டாப் நன்றாக ஓடியது எதையும் நிரூபிக்காது. அது அந்தப் பெரிய ஃபைலில் கொஞ்சத்தைத்தான் தொடுகிறது, ரேமிலும் ஒரு பகுதியைத்தான் நிரப்புகிறது. காப்பி நடக்கும்போதுதான் படித்ததையெல்லாம் கேஷாக ரேமில் அடுக்கிக்கொண்டே போகும். கெட்டுப்போன செல் மேல்மாடியில் இருந்தால் அதுவரை யாரும் அங்கே ஏறிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது, இதே வரிசையில்:

1. இறக்கிய ஐஎஸ்ஓவை, அதாவது மின்ட் இன்ஸ்டால் ஃபைலைச் சரிபாருங்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் ஃபைல் மேல் ரைட் கிளிக், சிஆர்சி எஸ்ஹெச்ஏ, அதில் எஸ்ஹெச்ஏ-256 (ஃபைலின் கைரேகை மாதிரி). வரும் நீள எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்து பொருந்தினால் போதும். சந்தேகம் ரேம் மேல் இருப்பதால் இதை வேறு கம்ப்யூட்டரில் செய்வது நல்லது, எழுதுவதையும் அங்கேயே.

2. ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் எம்பிஆர் (பழைய பயாஸ் பெட்டிகளுக்கான வகை) தேர்ந்தெடுங்கள். பென்டிரைவ் மேலேயே சந்தேகம் இருந்தால், ‘பேட் பிளாக்’ சோதனைக்கான டிக் ஒன்று அதிலேயே இருக்கிறது. போலிக் கொள்ளளவு டிரைவ்களையும் அது காட்டிக்கொடுக்கும்.

3. கேபினெட்டின் முன்பக்க யூஎஸ்பியில் சொருகாதீர்கள். பழைய பெட்டிகளில் அந்த ஒயர் நீளம், கனெக்டர் தளர்வு. பின்னால், போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் போடுங்கள்.

4. பூட் மெனுவில் ‘இன்டெக்ரிட்டி செக்’ என்று ஒன்று உண்டு. அதை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டு முறையும் பிழை, அதுவும் ஒரே எண்ணிக்கையில் என்றால் எழுதியது கெட்டிருக்கிறது, அல்லது பென்டிரைவ் போய்விட்டது. ஒரு முறை பிழை, மறுமுறை சுத்தம் என்று மாறினால் ரேம். பத்து நிமிடத்தில் கிடைக்கும் தடயம், ஆனால் யாரும் இதைச் செய்வதில்லை.

5. அதே மெனுவில் ‘மெமரி டெஸ்ட்’. ஒரு முழு சுற்றாவது முடிய வேண்டும், முடிந்தால் ராத்திரி முழுக்க விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் தோல்விதான். ‘ஒண்ணுதானே’ என்று விட முடியாது.

எந்த ஸ்டிக் என்று அறிய அங்கே தெரியும் முகவரி எண்ணை நம்பாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனலில் இரண்டு ஸ்டிக்கும் பின்னிப் பிணைந்து வேலை செய்யும். ஒன்றைக் கழற்றி, மற்றதை மட்டும் வைத்துத் தனித்தனியாகச் சோதியுங்கள். பிழை காட்டிய ஸ்டிக்கை அடுத்த ஸ்லாட்டில் மாற்றிப் போட்டும் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக், ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு. அதற்கு முன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துகளை ஊதிவிடுங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

தூசிதட்டி

அண்ணன் சொன்னது சரி. நான் வேற ரெண்டு விஷயம் சேக்குறேன்.

பெட்டியைத் திறக்கிறப்பவே பிராசஸர் ஃபேனைப் பாருங்க. இந்த 775 சாக்கெட் கூலர்ல நாலு பிளாஸ்டிக் புஷ்பின் இருக்கும். வருஷக்கணக்குல ஒண்ணு மேல எழும்பி நிக்கும், ஹீட்சிங்க் ஒரு பக்கமா சாஞ்சிடும். சாதாரண வேலைல தெரியாது. ஃபைல் விரிக்கிறப்ப ரெண்டு கோரும் முழு வேகத்துல ஓடும், அப்பதான் சூடு எகிறும். பழைய பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி இருந்தா துடைச்சிட்டு நடுவுல ஒரு துவரம்பருப்பு அளவு புதுசு வைங்க, அதுக்கு மேல வேண்டாம். பின்னை அழுத்துறப்ப குறுக்குக்குக் குறுக்கா ரெண்டு ரெண்டா அழுத்தணும், ஒவ்வொண்ணும் ‘டக்’னு சத்தம் வரணும். சூட்டுல சாகுற பெட்டி பெரும்பாலும் பட்டுன்னு பவர் கட் ஆகித்தான் சாகும். உங்களுக்கு உறையுதுன்னு சொல்றதால இது ரெண்டாவது சந்தேகம்தான்.

அப்புறம் பயாஸ் தேதி. சிஆர்2032 பேட்டரி செத்திருந்தா ஒவ்வொரு தடவையும் 2009, 2010-னு பழைய தேதிக்குப் போயிடும். அந்தத் தேதியோட நெட்ல இருந்து எதையாவது இறக்கினா சர்டிஃபிகேட் எல்லாம் ‘இன்னும் செல்லாது’ன்னு சண்டை போடும். இன்ஸ்டால்ல ‘மல்டிமீடியா கோடெக்’ டிக் அடிச்சிருந்தா அது நெட்டுக்குப் போகும், அங்கயே மாட்டும். டிக்கை எடுத்துடுங்க, நெட் கேபிளையும் உருவிடுங்க. கோடெக்கை அப்புறம் மெனுல இருந்தே போட்டுக்கலாம்.

பயாஸ்ல சாட்டா மோடை (டிஸ்க்கோட பேசுற முறை) ஐடிஇ-ல இருந்து ஏஹெச்சிஐ-க்கு மாத்திடுங்க, வேகம் கிடைக்கும்.

எல்ஜிஏ_775

கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். ஜி41 போர்டுகளில் பெரும்பாலும் கூட வருவது ஐசிஹெச்7 சவுத்பிரிட்ஜ் (டிஸ்க், யூஎஸ்பியைக் கவனிக்கும் துணைச் சிப்). அதில் ஏஹெச்சிஐ கிடையாது. ‘ஆர்’ என்று முடியும் ஐசிஹெச்7ஆர் போன்ற வகைகளில்தான் உண்டு. ஆகவே இல்லாத ஆப்ஷனைத் தேடிப் பயாஸைக் குடைய வேண்டாம். ஐடிஇ மோடிலேயே லினக்ஸ் நன்றாக ஓடும், எஸ்எஸ்டி போட்டாலும் ஓடும்.

இன்னொன்று. யாராவது ‘கம்பாட்டிபிலிட்டி மோடில் பூட் பண்ணு’ என்று சொல்வார்கள். அது முக்கியமாக கிராஃபிக்ஸ் டிரைவர் தடுமாறும் பெட்டிகளுக்கு, குறிப்பாகப் பழைய என்விடியா கார்டு இருப்பவர்களுக்கு: லோகோவோடு நிற்கும், அல்லது கறுப்புத் திரை. உங்களுக்கு லைவ் டெஸ்க்டாப் வரை ஒழுங்காக வருகிறது, போர்டிலேயே இன்டெல் கிராஃபிக்ஸ். தேவையில்லை.

பிராசஸர் பழையதாயிற்றே என்றும் கவலை வேண்டாம். இ7500-இல் எஸ்எஸ்இ4.1 வரைதான் உண்டு, எஸ்எஸ்இ4.2-உம் பாப்கவுன்ட்டும் இல்லை (இவை பிராசஸருக்குத் தெரிந்த கட்டளைத் தொகுதிகள்). விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 அதனால்தான் இதில் பூட்கூட ஆகாது. ரெட் ஹேட் 9-உம் ஏறாது. மின்ட் 21.3 உபுண்டு 22.04-ஐ அடியாகக் கொண்டது, அது சாதாரண 64 பிட் பிராசஸரிலேயே ஓடும். ஆதரவு 2027 ஏப்ரல் வரை.

இன்ஸ்டால் மறுபடி விழுந்தால் பெட்டியை உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். உறையாமல் இருந்தால் டெர்மினலைத் திறந்து சூடூ போட்டு டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்து மந்திரத்தை அடியுங்கள். கடைசி இருபது வரி போதும். ‘ஸ்குவாஷ்எஃப்எஸ் எர்ரர்’ என்றிருந்தால் பென்டிரைவ் அல்லது ரேம். ‘ஏடிஏ’ என்று தொடங்கி ‘ஃபெயில்டு கமாண்ட்’ என்று வந்தால் டிஸ்க் அல்லது அதன் கேபிள். ‘அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்’ என்றால் ரேம் பற்றாமல் கெர்னலே இன்ஸ்டாலரைக் கொன்றிருக்கிறது. விண்டோ சத்தமில்லாமல் மறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழைய_பெட்டி

எல்லாருக்கும் நன்றி. முடிவுகள்:

எஸ்ஹெச்ஏ-256 பொருந்துகிறது. இன்டெக்ரிட்டி செக் முதல் முறை 1 ஃபைலில் பிழை, இரண்டாம் முறை சுத்தம். அப்போதே புரிந்துவிட்டது. மெமரி டெஸ்டில் கால் மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள் கொட்டின. பழைய ஸ்டிக் மட்டும் வைத்து ராத்திரி முழுக்க ஓடியது, பிழை பூஜ்யம். புது ஸ்டிக் மட்டும் வைத்தால் எந்த ஸ்லாட்டிலும் சிவப்பு. ரப்பர் போட்டுத் தேய்த்தும் மாறவில்லை.

ஆக இப்போது 2 ஜிபிதான் மிச்சம். அதில் இன்ஸ்டால் ஆகுமா? வேறு ஸ்டிக் வாங்குவதென்றால் 4 ஜிபியாக வாங்கலாமா?

வட்டு_வைத்தியர்

ஆகும். மின்ட் கேட்கும் குறைந்தபட்சமே 2 ஜிபிதான், 4 இருந்தால் நல்லது என்கிறார்கள். ஆனால் லைவ் டெஸ்க்டாப், அதன் மேல் இன்ஸ்டாலர், அது காட்டும் படக்காட்சி என்று எல்லாம் 2 ஜிபிக்குள் நெருக்கியடிக்கும். போர்டு கிராஃபிக்ஸும் அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் இன்ஸ்டாலரைத் தொடும் முன் ஸ்வாப் (ரேம் பற்றாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடம்) கொடுத்துவிடுங்கள். லைவ் டெஸ்க்டாப்பில் டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் இருக்கிறது. டிஸ்க்கின் கடைசியில் 4 ஜிபி அளவுக்கு ‘லினக்ஸ்-ஸ்வாப்’ பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி, அப்ளை கொடுத்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்வாப்ஆன்’. அதன் பிறகு பிரவுசரைத் திறக்காமல் நேராக இன்ஸ்டாலர். பார்ட்டிஷன் கேட்கும் இடத்தில் ‘சம்திங் எல்ஸ்’ தேர்ந்தெடுத்து, மீதி இடத்தை எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபைல் சிஸ்டம்) ஆக்கி ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் உட்காரும் ‘/’-க்குக் கொடுங்கள்.

டிஸ்க்கில் பழைய படம், கணக்கு எதுவும் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடுவதென்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில் அணைத்த விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அதன் பார்ட்டிஷனைச் சுருக்க ஜிபார்ட்டெட் மறுத்துவிடும்.

டிஸ்க்கையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். ‘டிஸ்க்ஸ்’ அப்ளிகேஷன், மூலையில் உள்ள மெனுவில் ஸ்மார்ட் டேட்டா (டிஸ்க் தன் உடல்நிலை பற்றி வைக்கும் பதிவு). 5-ஆம் எண், 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வது வீண் வேலை. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள்தான் மோசம், மாற்றினால் போதும். மாற்றிய பிறகும் அந்த எண் பழைய அளவிலேயே நிற்கும், அதற்கு மேல் ஏறாமல் இருக்கிறதா என்பதே கணக்கு.

எல்ஜிஏ_775

ரேம் வாங்கும் முன் இதைப் படிக்கவும். ஜி41-இல் டிடிஆர்3 அதிகபட்சம் 8 ஜிபி, ஸ்லாட்டுக்கு 4. ஆனால் எந்த 4 ஜிபி ஸ்டிக்கும் உட்காராது. ஒரு பக்கம் மட்டும் 8 சிப் உள்ள புதிய வகை 4 ஜிபி ஸ்டிக்கில் ஒவ்வொரு சிப்பும் 4 ஜிகாபிட். இந்தச் சிப்செட்டுக்கு அந்த அடர்த்தி புரியாது: திரையே வராமல் போகலாம், அல்லது அளவு குறைத்துக் காட்டலாம். இரண்டு பக்கமும் 8, 8 என்று மொத்தம் 16 சிப் இருக்கும் 4 ஜிபி ஸ்டிக் வேண்டும். கடையில் கையில் வாங்கி எண்ணிப் பாருங்கள். ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று விற்கும் ஸ்டிக்குகளிலும் 16 சிப் இருக்கும், ஆனால் உள்கட்டமைப்பு வேறு. இன்டெல் போர்டில் எழும்பாது. விலை குறைவாகச் சொன்னால் இதைக் கேட்டுவிடுங்கள். வோல்டேஜ் 1.5, அதாவது சாதாரண டிடிஆர்3, ‘எல்’ போட்டது வேண்டாம்.

பழைய_பெட்டி

ஸ்மார்ட்டில் எல்லாம் பூஜ்யம். டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு, விண்டோஸே வேண்டாம் என்று ஜிபார்ட்டெட்டில் புதுப் பார்ட்டிஷன் டேபிள் போட்டேன். ஸ்வாப் கொடுத்தேன். காப்பி முதல்முறையாக முழுசாக முடிந்தது!

ஆனால் கடைசியில் ‘கிரப் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) இன்ஸ்டால் தோல்வி, இது ஃபேட்டல் எர்ரர்’ என்று வந்து, வேறு டிவைஸ், பூட்லோடர் இல்லாமல் தொடர், ரத்து என்று மூன்று வழி கேட்கிறது. அந்த எர்ரர் பெட்டியைத் திரையில் அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பூட்லோடர் டிவைஸில் ஹார்ட் டிஸ்க்கைத்தான் கொடுத்தேன், பென்டிரைவை இல்லை.

வட்டு_வைத்தியர்

பார்ட்டிஷன் டேபிள் போடும்போது வகை எம்எஸ்-டாஸ் (எம்பிஆர்தான்) விட்டீர்களா, ஜிபிடி தேர்ந்தெடுத்தீர்களா?

பழைய_பெட்டி

ஜிபிடி. புதுசுதானே நல்லது என்று போட்டேன்.

வட்டு_வைத்தியர்

அதுதான். தப்பில்லை, ஒரு துண்டு குறைகிறது, அவ்வளவே. உங்கள் போர்டு பழைய பயாஸ் வகையில் பூட் ஆகிறது. எம்எஸ்-டாஸ் டேபிள் என்றால் முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் உள்ள காலி இடத்தில் கிரப் தன் இரண்டாம் பகுதியை ஒளித்து வைத்துக்கொள்ளும். ஜிபிடியில் அந்த இடத்தில் டேபிளே உட்கார்ந்திருக்கிறது. அதனால் 1 எம்பி அளவில் தனி அறை கேட்கிறது. 500 ஜிபி டிஸ்க்குக்கு ஜிபிடி அவசியமே இல்லை, 2 டெராபைட்டுக்கு மேல் போனால்தான் வேண்டும். ஆனால் இதற்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

அந்தப் பெட்டியில் ‘பூட்லோடர் இல்லாமல் தொடர்’ கொடுத்து முடித்துவிடுங்கள். லைவிலேயே இருந்துகொண்டு ஜிபார்ட்டெட்: ஸ்வாப் மேல் ரைட் கிளிக், ‘ஸ்வாப்ஆஃப்’, பிறகு ரீசைஸில் அதன் அளவை 2 எம்பி குறையுங்கள். கிடைத்த காலி இடத்தில் 1 எம்பிக்கு ஒரு பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் ‘அன்ஃபார்மட்டட்’. அப்ளை. பிறகு அதன் மேல் ரைட் கிளிக், ‘மேனேஜ் ஃபிளாக்ஸ்’, ‘பயாஸ்_கிரப்’ டிக். எக்ஸ்ட்4 பக்கம் கை போகக் கூடாது.

இப்போது நெட் கேபிளைச் சொருகி, தேதி சரியா என்று பார்த்துவிட்டு, மெனுவில் ‘பூட் ரிப்பேர்’ திறந்து ‘ரெகமண்டட் ரிப்பேர்’. முடிந்ததும் பென்டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். பயாஸில் பென்டிரைவை முதல் பூட்டாக வைத்திருந்தால் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற மறக்காதீர்கள்.

பழைய_பெட்டி

வந்துவிட்டது. டெஸ்க்டாப் வரை ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ரேம் 16 சிப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். பேட்டரியும் மாற்றிவிட்டேன், தேதி இப்போது நிற்கிறது.

தூசிதட்டி

சூப்பர். ஒண்ணு மட்டும். விண்டோஸ்ல இருந்து டேட்டாவை வெளில எடுத்தீங்கல்ல, அப்ப எந்த ஸ்டிக் போட்டிருந்துச்சு? கெட்ட ஸ்டிக் இருந்தப்ப காப்பி பண்ணதுன்னா அந்த ஃபைல்லயும் பிட் புரண்டிருக்கலாம், ஒரு எர்ரரும் காட்டாது. டிஸ்க்கை வேற அழிச்சிட்டீங்க. ஜிப் ஃபைல் இருந்தா 7-ஜிப்ல ‘டெஸ்ட் ஆர்கைவ்’ கொடுங்க. போட்டோவை எல்லாம் பெருசா திறந்து பாருங்க, பாதிக்குக் கீழ சாம்பல் கலரா, இல்ல நிறம் மாறி கோடு கோடா இருந்தா அதுதான். வீட்டுப் பத்திரம் ஸ்கேன் மாதிரி முக்கியமான பிடிஎஃப்னா ஒவ்வொரு பக்கமா தள்ளிப் பாருங்க. பழைய சிடியோ போனோ எதுலயாவது இன்னொரு காப்பி இருந்தா, இது சரிபார்க்கிற வரைக்கும் அதை அழிக்காதீங்க.

பழைய_பெட்டி

ரெண்டு ஸ்டிக்கும் இருந்தபோதுதான் எடுத்தேன். இப்போதே உட்கார்கிறேன்.